டிசம்பரில் மலைக்கோயில்கள்: முதலில் அம்மாவின் நேர்த்திக்கடனைக் கேளுங்கள்

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் உண்டு, முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் 9 நாள் இந்தியா போகிறோம். பழனி, மருதமலை, திருத்தணி, சோளிங்கர், திருப்பதி எல்லாம் பார்க்கவேண்டும் என்கிறார். முடிந்தால் கேதார்நாத்தும். எப்படித் திட்டமிடுவது?”

கேதார்நாத்தை முதலில் எடுத்துவிடுவோம். டிசம்பரில் நடை திறந்திருக்காது. தீபாவளிக்குப் பிறகு கோயிலைச் சாத்தி, உற்சவரை உகிமட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மறுபடி திறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகும். திறந்திருக்கும்போதும் அது 3,500 மீட்டருக்கு மேலே உள்ள இடம். உங்கள் அம்மாவின் உடல்நிலைக்கு, மருத்துவர் சம்மதிக்காமல் அதை யோசிக்கவே கூடாது.

மிச்சம் ஐந்து கோயில். 9 நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிடலாம்தான், ஆனால் பாதி நாள் காரிலும் மீதி வரிசையிலும் போய்விடும். அதனால் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இவற்றில் நேர்த்திக்கடன் எது, ஆசை எது? நேர்ந்துகொண்டது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைச் சுற்றித் திட்டத்தைக் கட்டுங்கள். வரைபடத்தைப் பார்த்தாலும் ஐந்தும் இரண்டு கூட்டமாகத்தான் பிரிகின்றன. பழனியும் மருதமலையும் கோயம்புத்தூர்ப் பக்கம், மற்ற மூன்றும் சென்னைப் பக்கம். இரண்டு ஊருக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. என்னைக் கேட்டால் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பதே நல்லது.

பழனிதான் நேர்த்திக்கடன் என்றால் கவலை குறைவு. மலைக்குப் படிகள் 690-ஐத் தாண்டும். நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கில் ஒரு மாடிக்கு 16, 17 படி என்று வைத்தால் 40 மாடி ஆகிறது. முழங்கால் வலி உள்ளவர் இதைத் தொடவேண்டாம். யானைப்பாதை சரிவு குறைந்தது, ஆனால் அதுவும் ஏற்றம்தான். ரோப்காரும் ‘வின்ச்’ எனப்படும் இழுவை ரயிலும் இருக்கின்றன. ரோப்காரில் போகத்தான் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு, வருடத்தில் பல வாரம் நீளும் பெரிய பராமரிப்பும் உண்டு. ஆகவே மனத்தில் ‘வின்ச்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், ரோப்கார் கிடைத்தால் அதிர்ஷ்டம். கார் அடிவாரம் வரை போய் இறக்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். கிரிவலப் பாதையில் தனியார் வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. கோயிலின் பேட்டரி கார்கள் ஓடுகின்றன.

படி ஏறாமல் போனால் பலன் குறையுமோ என்று அம்மா சங்கடப்பட்டால், அடிவாரத்தில் பாத விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, திருவாவினன்குடியில் நின்று கும்பிட்டுவிட்டு வின்ச்சில் ஏறச் சொல்லுங்கள். மூன்றாம் படைவீடு என்று சொல்லப்படும் திருவாவினன்குடி அடிவாரத்தில்தான் இருக்கிறது. பல பேர் அதைப் பார்க்காமலே மேலே ஓடிவிடுகிறார்கள்.

கூட்டம் வேறு விஷயம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் பழனியையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சனி, ஞாயிறையும் கார்த்திகை நட்சத்திர நாளையும் தவிருங்கள். செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் என்பதால் அன்றும் கூட்டம்தான். புதன், வியாழன் அதிகாலை பரவாயில்லை. அப்புறம், கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, கீழேயே ஒப்படைக்க வேண்டும். யாராவது பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்து, காரோட்டியின் எண்ணை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் போட்டுவிடுங்கள். மருதமலைக்கு வண்டி மேலேயே போகும். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்தும் கொஞ்சம் படி உண்டு.

சென்னைப் பக்கம் போவதானால் திருத்தணி சுலபம். 365 படி என்பார்கள், ஆனால் கார் மேலே வரை போகும். டிசம்பர் 31 இரவு மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அன்று திருப்படித் திருவிழா. சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. 2024 முதல் ரோப்கார் ஓடுவதால் யோக நரசிம்மரை அம்மா பார்த்துவிடலாம். எதிரே ஆஞ்சநேயர் இருக்கும் சின்ன மலைக்கு அந்த வசதி இல்லை, 400-க்கு மேற்பட்ட படி. அங்கே நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாருங்கள். கார்த்திகை மாதம் முழுவதும் நரசிம்மர் கண் திறந்து பார்க்கிறார் என்பது ஐதீகம். அதனால் டிசம்பர் நடுப்பகுதி வரை சோளிங்கரில் நல்ல நெரிசல் இருக்கும்.

திருமலையில் மலை சிக்கலே இல்லை, பேருந்து மேலே போகிறது. தரிசனச் சீட்டுதான் சிக்கல். 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டைத் தேவஸ்தானம் ஏறக்குறைய 3 மாதம் முன்பே இணையத்தில் விடும், வேகமாகத் தீர்ந்துவிடும். செப்டம்பரிலேயே தேதியைக் கவனித்துவாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனி தரிசனம் இருக்கிறது. ஆனால் குடும்பம் முழுவதும் அந்த வரிசையில் போக முடியாது. அம்மாவைத் தனியே அனுப்புவதைவிட எல்லோரும் 300 ரூபாய் வரிசையில் போவதே நல்லது. வைகுண்ட ஏகாதசியும் தொடர்ந்து சொர்க்க வாசல் திறந்திருக்கும் நாட்களும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். பஞ்சாங்கம் பார்த்து அந்தப் பத்து நாளை விட்டுவிடுங்கள்.

இனி உடம்பு. படியைவிட வரிசையில் நிற்பதுதான் வயதானவர்களைப் படுத்தும். கழிப்பறைக்குப் பயந்து சிறுநீர் போகும் மாத்திரையையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள், கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். எந்த மாத்திரையை எந்நேரம் மாற்றிப் போடலாம் என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கினால் சாப்பிட மிட்டாயோ குளுக்கோஸோ அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும், உங்கள் பையில் இருந்து பயனில்லை. வெறுங்காலுடன் நடப்பதால் தினம் இரவு பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சின்னக் கீறல்கூட வலிக்காது.

அக்டோபரிலிருந்து பழகச் சொல்லலாம். மருத்துவர் சரி என்றால் இரண்டு மாடி படியில் ஏறி, மின்தூக்கியில் இறங்கட்டும். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகச் சுமை.

சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் இந்திய மின்விசாவை அரசாங்க இணையத்தளத்திலேயே எடுங்கள். அதே போலத் தோன்றும் தளங்கள் அதிகக் காசு கேட்கும். திருமலைச் சீட்டைப் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து வாங்கி, அதே பாஸ்போர்ட்டை அசலாகக் கையில் கொண்டுபோங்கள். அதற்கும் முன்னால், அம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சீட்டு வாங்கியபின் எண் மாறினால் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.