அமெரிக்க மாநிலங்களில் அரசுத் துறைகள் விதிமுறை கொண்டுவருவதைக் கடினமாக்கினால் என்ன செலவாகும்?

ஒவ்வொரு விதிக்கும் முன்னால் செலவுக் கணக்குப் போடச் சொல்வதும், பெரிய விதி என்றால் சட்டமன்ற ஒப்புதல் வாங்கச் சொல்வதும் நல்லதுதானே, கொஞ்சம் காகித வேலை கூடும், வேறென்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். காகித வேலை பெரிய விஷயமே இல்லை. வரவேண்டிய விதி வராமல் போவதற்கும் ஒரு செலவு உண்டு, அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நான் விஸ்கான்சினில் இருக்கிறேன், அதனால் இங்கே நடந்ததையே சொல்கிறேன். 2011இல் ஸ்காட் வாக்கர் ஆளுநராக இருந்தபோது வந்த சட்டப்படி, ஒரு துறை விதியின் வரைவை எழுத ஆரம்பிப்பதற்கே ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். எழுதி முடித்ததும் பொருளாதாரத் தாக்க அறிக்கை, பொதுக் கருத்துக் கேட்பு, மறுபடி ஆளுநர், அப்புறம் சட்டமன்றக் குழுக்கள். 2017இல் இதற்குக் கெடுவும் வைத்தார்கள்: 30 மாதத்துக்குள் விதியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பாவிட்டால் முதலில் வாங்கிய அனுமதி காலாவதி, பழையபடி முதலிலிருந்து. அதே ஆண்டு இதற்கு மேல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: ஏதாவது இரண்டு ஆண்டுகளில் விதியைக் கடைப்பிடிக்க ஆகும் செலவு ஒரு கோடி டாலரைத் தொடும் என்று அறிக்கை சொன்னால், துறை வேலையை அப்படியே நிறுத்திவிட வேண்டும். செலவைக் குறைத்து விதியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அனுமதி கொடுத்து சட்டமன்றம் தனிச் சட்டம் போட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத அதிகாரி ஒருவர் தன் மேசையிலிருந்து தொழிற்சாலைகளுக்குக் கோடிக்கணக்கில் செலவு வைக்கலாமா என்ற கேள்வியை நானும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது பீஃபாஸ் விஷயத்துக்கு வருவோம். ஒட்டாத தவாவிலிருந்து விமான நிலையத் தீயணைப்பு நுரை வரை பயன்பட்ட, மண்ணிலும் நீரிலும் லேசில் சிதையாத ரசாயனங்கள் இவை. மேடிசன் நகரில் இதற்காக ஒரு குடிநீர்க் கிணற்றையே 2019இல் மூடினார்கள். அதே ஆண்டு இயற்கை வளத் துறை விதி எழுதத் தொடங்கியது. 2022இல் நகராட்சிக் குடிநீருக்கான வரம்பு தேறிவிட்டது, ஆனால் நிலத்தடி நீருக்கான வரம்பு, துறையின் விதிகளை வாக்கெடுத்து முடிவு செய்யும் வாரியத்தில் 3-3 என்று சமமாகி விழுந்தது. வீட்டில் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது இந்த இரண்டாவதுதான். துறை மறுபடி தொடங்கியது. அறிக்கை தயாரானபோது முதல் இரண்டு ஆண்டுச் செலவு சுமார் 3.3 கோடி டாலர் என்று வந்தது. 2023 டிசம்பரில் வேலை நின்றது.

எனக்கு உறுத்துவது இந்த ஒரு கோடி எப்படி எண்ணப்படுகிறது என்பதுதான். விதியால் ஆகும் செலவை மட்டும் கூட்டுகிறார்கள், விதியால் மிச்சமாவதைக் கழிப்பதே இல்லை. லா கிராஸ் நகரின் பக்கத்தில் ஃபிரெஞ்சு தீவில் விமான நிலைய நுரையால் கிணறுகள் கெட்டுப்போய், 2021 முதல் அங்குள்ளவர்களுக்கு அரசு பாட்டில் தண்ணீர் கொடுத்தது. அந்தப் பாட்டில் பணம், வீட்டுக்கு வீடு ஃபில்டர், விற்க முடியாமல் கிடக்கும் வீடு, மருத்துவச் செலவு இதெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதப்படும்? இந்த ஒரு கோடிக் கணக்கில் எங்கேயும் இல்லை. பத்துக் கோடியை மிச்சப்படுத்தும் விதியும் ஒரு பைசா மிச்சப்படுத்தாத விதியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

இன்னொரு பக்க விளைவும் உண்டு. விதி போட வழியில்லாத துறை சும்மா உட்கார்ந்திருக்காது, பழைய சட்டத்தை வைத்து ஒவ்வொரு வழக்காக நடவடிக்கை எடுக்கும். இங்கேயும், ரசாயனம் கொட்டியவரே சுத்தம் செய்ய வேண்டும் என்ற பழைய சட்டத்தைத் துறை பீஃபாஸுக்குப் பயன்படுத்தியது. மாநிலத்தின் பெரிய தொழில் வணிக அமைப்பு, முறைப்படி விதி போடாமல் இதைச் செய்யக் கூடாது என்று வழக்குப் போட்டது. விதி போடப் போனால் செலவு வரம்பு தடுக்கிறது, போடாமல் செய்தால் விதி எங்கே என்று வழக்கு! கீழ் நீதிமன்றங்களில் அந்த அமைப்பு ஜெயித்தது, 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. இதில் தொழில் நடத்துபவருக்கும் லாபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு எண் கையில் இருந்தால் அதற்கேற்பத் திட்டமிடலாம், இல்லாவிட்டால் வக்கீலுக்குத்தான் வருமானம்.

என்னைக் கேட்டால் கருத்துக் கேட்பும் பொருளாதார அறிக்கையும் இருக்கட்டும், சட்டமன்றம் வேண்டாம் என்று நினைத்தால் எழுந்து வாக்களித்து விதியை ரத்து செய்யட்டும். இப்போது தலைகீழாக இருக்கிறது. சட்டமன்றம் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலே ஒரு கோடியைத் தொடும் விதி செத்துவிடும், அதற்கு யார் காரணம் என்று எந்த உறுப்பினரையும் கைகாட்டவும் முடியாது.