வாசகர் கேள்வி–பதில்: பிரெஞ்சுப் பள்ளியில் வாரம் 12 மணி நேரம்

பிரான்சின் லிமோசின் பகுதியில், ஒரு சிற்றூரின் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில மொழி உதவியாளராக, அதாவது ஆசிரியருக்குத் துணையாக மாணவர்களை ஆங்கிலத்தில் பேசவைப்பவராக, நான் பணிபுரிந்த ஏழு மாதங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வரும் அக்டோபரில் மொழி உதவியாளராகச் செல்லத் தேர்வாகியிருக்கிறேன். பாரிசைக் கேட்டிருந்தேன், லிமோஜ் கல்வி மண்டலத்தில், நான் பெயரே கேள்விப்படாத ஓர் ஊரைக் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிக் கேட்கலாமா? – வாசகி, திருச்சிராப்பள்ளி

கேட்பதில் தவறில்லை, ஆனால் மாற்றம் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட வேண்டாம். லிமோஜ் மண்டலத்தில் கொரேஸ், க்ரூஸ், ஓத்-வியேன் என மூன்றே மாவட்டங்கள். மாடு வளர்ப்பும் செஸ்ட்நட் மரங்களும் நிறைந்த அமைதியான நாட்டுப்புறம் அது. கையில் மாதம் ஏறத்தாழ 800 யூரோ வரும் ஒருவருக்குப் பாரிசில் ஓர் அறையின் வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதையும், சிற்றூர்களில் விடுதியுடன் கூடிய பள்ளிகள் சில உதவியாளர்களுக்குக் குறைந்த வாடகையில் அறை தருகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது வேறொன்று. பள்ளியின் பெயர் தெரிந்த அன்றே அங்குள்ள ஆங்கில ஆசிரியர்களுக்கு எழுதுங்கள். பள்ளியில் அறை உண்டா, ஸ்பானியம் அல்லது ஜெர்மன் கற்பிக்க வரும் உதவியாளர்கள் யாரேனும் அதே ஊரில் வீட்டைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறார்களா, ரயில் நிலையத்திலிருந்து பள்ளிக்கு எப்படி வருவது என்று கேளுங்கள். அவர்களாகவே எழுதுவார்கள் என்று நான் செப்டம்பர் நடுப்பகுதி வரை காத்திருந்தது பெரும் பிழை. நான் எழுதியதும் மறுநாளே பதில் வந்தது. ஸ்பானிய ஆசிரியை ஒருவர் தம் வீட்டில் என்னைப் பன்னிரண்டு நாள் தங்கவைத்தார். நான் அவர் வீட்டில் வசிப்பதாக ஒரு சான்றுக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லாமல் வாடகை வீடு எளிதில் இல்லை. இந்தச் சுழலை உடைக்க, நம்மை அறிந்த ஒரு மனிதர் அந்த ஊரில் வேண்டும்.

வாரத்துக்கு 12 மணி நேர வேலை என்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் என் மகள் அங்கே வாழ முடியுமா? நான் இங்கிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்குமா? – வாசகர், காரைக்குடி

ஐயா, சிற்றூரில் சிக்கனமாக வாழ அது போதும். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரையிலான ஒப்பந்தத்துக்குள் பள்ளி விடுமுறைகள் ஏறத்தாழ எட்டு வாரம் வரும்; அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. தொல்லை தருவது முதல் இரண்டு மாதங்களே. ஆவணங்கள் தாமதமானால் அக்டோபர் சம்பளம் நவம்பர் இறுதியில்தான் வரும். அதற்குள் வாடகை முன்பணம், குளிர்காலக் கோட்டு, காலணி, ரயில் சீட்டு எல்லாம் வாங்கியாக வேண்டும். 1,500 யூரோவுக்குக் குறையாமல் கையில் கொடுத்து அனுப்புங்கள் என்பது என் கருத்து.

பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்கு அது கட்டாயம். காப்பீட்டு அட்டை வந்து சேர மாதங்கள் ஆகலாம். ஆயினும் காய்ச்சல் வந்தால் அவர் மருத்துவரிடம் செல்லத் தயங்க வேண்டியதில்லை. பொது மருத்துவரின் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 30 யூரோ. ரசீதைப் பத்திரப்படுத்தினால் அதில் பெரும்பகுதியைப் பின்னர் திரும்பப் பெறலாம். விசாவை, நாட்டுக்குள் நுழைந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதை நாட்குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அனுமதி பெறாமல் அதில் இறங்க வேண்டாம். அந்த விசா பள்ளி வேலைக்கென்றே கொடுக்கப்படுவது.

ஆங்கிலம் நம் தாய்மொழி அல்லவே. நம் உச்சரிப்பை அங்கே ஏற்பார்களா? மாணவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்ட வகுப்பில் என்ன செய்வது? – வாசகி, புதுச்சேரி

உச்சரிப்பு பற்றிய அச்சத்தை முதலில் விடுங்கள். இந்தியாவிலிருந்தும் ஆங்கில உதவியாளர்களை அழைப்பது பிரெஞ்சு அரசு தெரிந்தே எடுத்த முடிவு. செவ்ர் நகரிலுள்ள ‘பிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நேஷனல்’ என்ற அரசு நிறுவனம் இத்திட்டத்தை நடத்துகிறது. ஆங்கிலம் புழங்கும் உலகம் லண்டனோடும் நியூயார்க்கோடும் முடிந்துவிடுவதில்லை என்பதை அங்குள்ள பாடத்திட்டமே ஏற்கிறது. நிதானமாகவும் தெளிவாகவும் பேசினால் போதும். ‘பிரிபோன்’ (prepone, குறித்த நாளுக்கு முன்னதாக வைத்தல்) போன்ற நம் ஊர் ஆங்கிலச் சொல் வாயில் வந்துவிட்டால், அது இந்தியாவில் வழங்கும் சொல் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அதுவும் அவர்களுக்கு ஒரு பாடம்தான்.

நீங்கள் கேள்விப்பட்ட மௌனம் உண்மை. அது திமிர் என்றோ அறியாமை என்றோ எண்ணிவிடக் கூடாது. பிரெஞ்சுப் பள்ளியில் மதிப்பெண் இருபதுக்குத்தான். 10 தேர்ச்சி, 14 வாங்கினாலே நல்ல மாணவர். எழுதுவதிலும் பேசுவதிலும் ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண் குறைந்துகொண்டே வரும் சூழலில் பல ஆண்டுகள் வளர்ந்த பிள்ளை, முழுதும் சரியான வாக்கியம் மனத்தில் அமையும்வரை வாய் திறக்காது. தவறாகச் சொன்னால் பின் வரிசை சிரிக்கும் என்ற பயம் வேறு.

முதல் வாரம் தமிழ்நாட்டைப் பற்றி முப்பது படங்களைத் திரையில் ஓட்டிப் பேசினேன். தஞ்சைக் கோயில், மெரினா, பொங்கல் பானை எல்லாம் இருந்தன. ஐம்பத்தைந்து நிமிடமும் நான் மட்டுமே பேசினேன். அன்றிரவு அழுகையே வந்துவிட்டது. மறுவாரம் ஆங்கில ஆசிரியையிடம் இரண்டு உதவிகள் கேட்டேன். பாதி வகுப்பை மட்டும், பத்துப் பேருக்கு மிகாமல், வேறோர் அறைக்கு என்னுடன் அனுப்ப வேண்டும். மதிப்பெண் போடுவது உதவியாளரின் வேலை அல்ல என்பதை அவரே மாணவர்களிடம் சொல்ல வேண்டும். அவர் இரண்டையும் செய்தார். மேசைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். நடுவில், அம்மா கொடுத்தனுப்பிய நான்கு அடுக்கு டிஃபன் கேரியரை வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டு, நான் பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.

இந்தக் காத்திருப்புதான் கடினம். ஒரு நிமிடம் கழித்து, மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன், பால் கொண்டுபோகும் பாத்திரமா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை என்றேன். தேனீக்களுக்கானது என்றாள் ஒருத்தி. விளக்கு என்றான் இன்னொருவன். ஒருவர் எழுந்து கொக்கியைத் திறந்ததும் அடுக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எதில் சோறு, எதில் குழம்பு, யார் சுமந்து செல்வார்கள், ஏன் கொட்டாது என்று மணி அடிக்கும்வரை கேட்டார்கள். விடை தெரிய வேண்டும் என்ற ஆவல் பிழை பற்றிய பயத்தை விழுங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் படக்காட்சி எதுவும் காட்டவில்லை. பேருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பல்லாங்குழி என ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளைக் கொண்டுபோனேன். பெட்டி கட்டும்போது புடவைகளைக் குறைத்துக்கொண்டு இத்தகைய பொருள்களுக்கு இடம் வையுங்கள்.

நீங்கள் பிரெஞ்சில் தடுமாறுவதையும் மாணவர்கள் கேட்கட்டும். பிரெஞ்சில் நாற்காலிக்கும் மேசைக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு. நான் மாற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் திருத்தினார்கள். தங்களைப் போலவே இவரும் தவறுகிறார் என்று தெரிந்த பிறகே, அதுவரை மௌனமாயிருந்த இரண்டு பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

சைவ உணவுக்காரர் பள்ளி உணவகத்தில் சாப்பிட முடியுமா? – வாசகர், மதுரை

2019 நவம்பர் முதல் பள்ளி உணவகங்கள் வாரத்தில் ஒரு நாளாவது இறைச்சியும் மீனும் இல்லாத உணவைத் தர வேண்டும் என்பது சட்டம். மற்ற நாட்களில் காய்கறிச் சாலட், பாலாடைக்கட்டி, ரொட்டி, பழம் கிடைக்கும். முட்டை உண்பவர் ஓரளவு சமாளித்துவிடலாம். உண்ணாதவர் வீட்டில் சமைத்து எடுத்துச் செல்வதே நலம். கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் பாரிசின் லா ஷப்பேல் பகுதிக்கு, ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருக்களுக்கு, விடுமுறையில் ஒருமுறை போய் வாருங்கள்.

சென்ற ஆண்டு சென்ற என் தோழி, தனிமை தாங்காமல் ஜனவரியிலேயே திரும்பிவிட்டாள். இந்த ஆண்டு நான் போகிறேன். பயமாக இருக்கிறது. – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் தோழியை யாரும் குறை சொல்ல வேண்டாம். அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதிலிருந்து மாலை சட்டென்று இருண்டுவிடும். டிசம்பரில் காலை எட்டரை மணிக்குத்தான் சூரியன் எழும். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு சிற்றூரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது; பேருந்தும் அநேகமாக ஓடாது. வாரம் 12 மணி நேர வேலை என்பது, நிரப்ப வேண்டிய நேரம் மிகுதி என்பதன் மறுபெயர்தான்.

ஆசிரியர்கள் அன்பானவர்கள், ஆனால் மணி அடித்ததும் அவரவர் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்கள் வார இறுதி எப்படிக் கழிகிறது என்று அவர்களாகக் கேட்பது அரிது. பிறர் வாழ்வில் தலையிடக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. நம் ஊரில் கேட்காமலே சோறு போடுவார்கள் என்ற பழக்கத்தில் நான் ஆறு வாரம் காத்திருந்தேன். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி இயந்திரத்தின் அருகில் நின்ற பள்ளி நூலகரிடம், ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மிகவும் தனிமையாக இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். அந்த ஞாயிறன்று அவர் குடும்பத்தோடு காட்டில் செஸ்ட்நட் பொறுக்கினோம்; மாலையில் அவற்றைக் கீறி, அடுப்பில் வாட்டித் தின்றோம். அங்கே வந்திருந்த அவருடைய சகோதரி ஊர்ப் பாடகர் குழுவில் இருந்தார். மறுவாரம் முதல் வியாழக்கிழமை மாலைகளில் நானும் அந்தக் குழுவோடு பாடப் போனேன்.

ஆகவே ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் இப்போதே எழுதிப் பழகிக்கொண்டு, முதல் மாதத்திலேயே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.