தனுஷ்கோடி மணலில் 40 பேர் ஒன்றாக நடக்கலாமா?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி நிலத்தின் நுனியான அரிச்சல்முனை வரை 40 பேர் ஒரே கூட்டமாக நடக்கலாமா, பிரிக்க வேண்டுமா என்பது கேள்வி.

பிரியுங்கள். பத்துப் பேருக்கு ஒரு குழு. அமெரிக்காவின் பல வனப்பகுதிகளில் ஒரு குழுவுக்கு 12 அல்லது 15 பேருக்கு மேல் விடமாட்டார்கள். நம் மணல்திட்டு அவற்றைவிடக் குறுகல், ஒதுங்க ஒரு மர நிழல்கூட இல்லை.

பிரித்தால் மட்டும் போதாது, இடைவெளியும் வேண்டும். மணலில் மணிக்கு 3 கி.மீ. நடப்பதே பெரிது. 20 நிமிடத்துக்கு ஒரு குழு கிளம்பினால் நடுவில் ஒரு கிலோமீட்டர் இருக்கும். முதல் குழு 6 மணிக்கு, கடைசிக் குழு 7 மணிக்கு. சத்திரத்திலிருந்து இடிந்து கிடக்கும் பழைய தனுஷ்கோடி ஊர் 5 கி.மீ., அங்கிருந்து முனை நாலரை. ஓய்வோடு நாலு மணி நேரம் ஆகும். உள்ளே எப்போது விடுவார்கள் என்று முதல்நாளே சோதனைச்சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீண்ட வரிசையில் நடக்கும் தவறு இது: முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள், பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். களைத்தவருக்கு ஓய்வே இல்லை. வெயிலில் தலைசுற்றி விழுவது பெரும்பாலும் அவர்தான். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு 10 நிமிடம் எண்ணுங்கள்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். பாதியைத் தோளில் சுமக்கட்டும். மீதி 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன், பழைய ஊரில் இடிந்த தேவாலயத்துப் பக்கம் வண்டியில் நிற்கட்டும். அங்கே மீனவக் குடும்பங்கள் மணலில் சில அடி தோண்டிய ஊற்றுகளை நம்பாதீர்கள். நீர் அடியில் மெல்லத்தான் ஊறும், அகப்பையால் அள்ளித்தான் குடத்தை நிரப்புகிறார்கள். நாற்பது பேர் கை வைத்தால் கலங்கிவிடும், கரையும் சரியும். அது அவர்கள் குடிக்கும் தண்ணீர்.

நடக்க வேண்டியது அலை நனைத்த ஈர மணலில். மேட்டில் அடும்புக்கொடியும் இராவணன் மீசை என்ற முள்புல்லும் படர்ந்திருக்கும். மணலைப் பிடித்துவைப்பவை அவைதான். ஒருவர் மிதித்தால் கொடி மீளும். நாற்பது பேர் வரிசையாக மிதித்தால் கொடி அறுந்து தடம் விழும், அந்தத் தடத்தில் காற்று புகுந்து மணலை வாரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இன்னும் கவனம் வேண்டும், பங்குனி ஆமை என்ற கடலாமை கரையேறி முட்டையிடும் காலம். இரண்டு பக்கமும் துடுப்புத் தடம் கீறிப் போயிருந்தால் அதைச் சுற்றிப் போங்கள்.

சாலைக்கு வடபக்கம் சேறு. மேலே காய்ந்த ஏடு போலத் தெரியும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். பூநாரைகள் இரை தேடுவதும் அங்கேதான். 2025-ல் அந்தப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூட்டம் நெருங்கினால் அவை தலை நிமிர்த்தும், பிறகு நடக்கத் தொடங்கும். தலை நிமிர்ந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

மீனவர்கள் கரையில் நின்று கரைவலையைக் கடலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றைத் தாண்டாதீர்கள். பாரம் ஏறிய கயிறு திடீரென விறைத்து மேலெழும். இழுப்பவர்களுக்குப் பின்னால் மேட்டுப்பக்கமாக, அவர்களிடம் கேட்டு ஒவ்வொருவராகக் கடக்கலாம்.

முனையில் இறங்கிக் குளிக்க ஒருவரையும் விடாதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் இழுக்கும், காலடி மணல் கரையும். திரும்பி வண்டியில் வாருங்கள். குழுத்தலைவர் நால்வரும் தனித்தனியே தலையெண்ணி, கணக்கு 40 ஆன பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.