வீட்டில் யோகா செய்ய பிளாக், பெல்ட், போல்ஸ்டர் எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே போகவில்லை, ஆன்லைனில் கைக்கு முட்டாக வைக்கும் பிளாக், காலில் மாட்டி இழுக்கும் பெல்ட், போல்ஸ்டர் எல்லாம் சேர்ந்த ஒரு செட் பார்த்தேன், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் பளபள டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் நாற்காலி, பீரோவுக்கு மேல் சும்மா கிடக்கும் போர்வைகள் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

செட் வேண்டாம். பிளாக் இரண்டு மட்டும் வாங்குங்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

பெல்ட்டுக்கு நாலு முழ வேட்டி போதும். நாலு முழம் என்றாலே 6 அடி. கடையில் விற்கும் பெல்ட்டின் நீளமும் அதுதான். அகலவாக்கில் நாலு தடவை மடித்தால் சுமார் 3 அங்குலப் பட்டை கிடைக்கும். நைலக்ஸ் துப்பட்டா வழுக்கும், பனியன் துணி இழுபடும், இரண்டும் ஆகாது. மல்லாந்து படுத்து, ஒரு காலை உயர்த்தி, பட்டையைப் பாதத்தின் நடுவில் போட்டு இரண்டு கையாலும் பிடியுங்கள். கீழே இருக்கும் கால் சுவரை மிதித்திருக்கட்டும். தலையோ தோளோ தரையை விட்டு எழும்பினால் பட்டையைக் குட்டையாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இன்னும் தளர்த்திப் பிடியுங்கள். 60 டிகிரியில்தான் முழங்கால் மடங்காமல் நிற்கிறதென்றால் உங்களுக்கு 60தான். முழங்காலை மடக்கி 90க்கு இழுப்பதில் தொடையின் பின்பக்கம் நீளவே நீளாது.

போல்ஸ்டர் என்று விற்பது நம் திண்டுதான். பஞ்சுக் கடையில் 2 அடி நீளம், 8 அங்குலக் கனம் என்று சொல்லித் தைத்துக்கொள்ளலாம். இலவம் பஞ்சு மெத்தென்று அமுங்கிவிடும். பருத்திப் பஞ்சைக் கெட்டியாக அடைக்கச் சொல்லுங்கள். அதுவரை மூன்று போர்வையை இறுக்கிச் சுருட்டி இரண்டு இடத்தில் கட்டினால் போதும்.

பிளாக்கை மட்டும் ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், மாற்று எதுவும் சரியாக நிற்பதில்லை. செங்கல்லுக்குத் துணி சுற்றிப் படுக்கப்போட்டால் பரவாயில்லை. நிமிர்த்தினால் அடிப்பாகம் நாலரைக்கு 3 அங்குலம்தான். கை சாய்ந்த மாத்திரத்தில் கவிழும். புத்தக அடுக்கு நழுவும். 9க்கு 6க்கு 4 அங்குல பிளாக் வாங்குங்கள். ஃபோம் என்றால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். காலை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் முன்காலின் வெளிப்பக்கம், தோளுக்கு நேர் கீழே, 9 அங்குல உயரத்தில் வைத்து ஆரம்பியுங்கள். விரல் நுனி பட்டால் போதும். உள்ளங்கையை ஊன்றினால் உடம்பு பாரமெல்லாம் கைக்குப் போய், தொடை சும்மா இருக்கும்.

காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் உங்கள் பிரச்சினை கையில் இல்லை, உட்காருவதில் இருக்கிறது. தொடை இறுக்கம் இடுப்பைப் பின்னுக்குச் சாய்க்கும், நீங்கள் முதுகை வளைத்து ஈடுகட்டுவீர்கள், மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மடித்த போர்வை இரண்டைப் போட்டு, அதன் விளிம்பில் உட்காருங்கள், நடுவில் வேண்டாம். சம்மணத்திலும் அதே கதை: முழங்கால் இடுப்பை விட உயரத்தில் நின்றால் இன்னொரு போர்வை போடுங்கள்.

தோளில் நின்று காலை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்குப் போர்வை அடுக்கும்போது மடிப்பு விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தோள் போர்வையில், தலை தரையில், கழுத்து இரண்டுக்கும் நடுவே அழுத்தமில்லாமல். தலையையும் போர்வையில் வைத்தால் போட்டும் பயனில்லை. கழுத்து வலி, கண் நீரழுத்தம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இந்த ஆசனமே வேண்டாம்.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது, சோம்பேறிகளுக்கான ஊன்றுகோல்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். பிளாக்கும் பெல்ட்டும் இந்த அளவுக்குப் பரவியது யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்காரால், வாஸ்தவம்தான். ஆனால் யோக நரசிம்மர் சிலைகளில் முழங்கால்களைச் சுற்றி ஒரு பட்டை இருக்குமே, யோகப் பட்டம், அது என்னவாம்? பக்கத்தில் சோளிங்கர் மலையில் இருப்பவரும் யோக நரசிம்மர்தான்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். யார் வீடு கட்டினாலும் பூஜை அறை முதல் மொட்டை மாடிப் படி வரை இந்த வழுக்கு டைல்ஸ்தானா? சிவப்பு சிமெண்ட் தரை வெறுங்காலைப் பிடித்து நிறுத்தும். டைல்ஸில் வந்தவாசிக் கோரைப்பாய் போட்டு, காலை அகட்டி முன்முழங்காலை மடக்கும் வீரபத்ராசனம் நின்றால் பாயோடு சேர்ந்து நீங்களும் நகர்வீர்கள். ரப்பர் மேட்டே போடுங்கள், அதன் குறுகிய பக்கம் சுவரை முட்டட்டும், பின்னங்குதிகாலும் சுவரில் படட்டும். நம் ஊர் மே மாத வியர்வையில் மேட்டும் வழுக்கும், கை வைக்கும் இடத்தில் ஒரு ஈரிழைத் துண்டைக் கொஞ்சம் நனைத்துப் பிழிந்து போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் எந்த ஆசனத்துக்கும் வேண்டாம், டைல்ஸில் அதன் கால் அகன்றுவிடும். இரும்பு மடக்கு நாற்காலிதான், அதுவும் மேட்டின் மேல்.