மெஷின் இல்லாம 500 ரூபா கள்ள நோட்டை எப்படி கண்டுபிடிக்கிறது?

கடையில கூட்டம் நிக்கும்போது மெஷின் எதுவும் இல்லாம டக்குன்னு பாக்குறதுக்கு வழி கேட்டிருக்கீங்க. நான் பதினாலு வருஷமா மளிகைக் கடை கல்லாவுல உக்காந்திருக்கேன், எங்க கைல பொரள்ற பெரிய நோட்டு 500தான், அதனால அத மட்டும் சொல்றேன்.

முதல்ல விரல், கண்ணு அப்புறம்தான். நோட்டோட ரெண்டு ஓரத்துலயும் அஞ்சஞ்சு சாய்வு கோடு இருக்கும், பெருவிரல் நகத்த லேசா இழுத்தா தட்டுப்படணும். காந்தி படத்துலயும் வலது பக்கம் இருக்குற அசோகத் தூண்லயும் அதே மேடு தெரியும். பிரிண்டர்ல அடிச்சது வழுவழுன்னு போயிடும். தாளும் வேற, நோட்டுத் தாள் பருத்தியில செய்றது, புது நோட்ட சுண்டினா மொடமொடன்னு கேக்கும். ஆனா மீன் மார்க்கெட், கண்டக்டர் பைன்னு சுத்தி வந்த பழைய நோட்டுல மேடெல்லாம் தேய்ஞ்சி துணி மாதிரி ஆயிருக்கும், அதனால விரல மட்டும் நம்பி நல்ல நோட்ட கொடுத்தவர நாலு பேர் முன்னாடி சந்தேகப்பட்டுடாதீங்க ப்ளீஸ்.

ரெண்டாவது அந்த பச்சை இழை. நோட்ட சாய்ச்சா பச்சையிலிருந்து நீலமா மாறணும், கீழ வலது பக்கம் ரூபா குறியோட இருக்குற 500ம் அதே மாதிரி மாறும். முன்பக்கம் விட்டு விட்டு தெரியுற இழை, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா தெரியணும், ஏன்னா அது தாளுக்குள்ள புகுந்து வெளிய வர்ற இழை. நான் ரொம்ப நம்புறது இதத்தான்.

போன வருஷம் ராத்திரி கடை சாத்துற நேரம், பக்கத்துல பூ கட்டி விக்கிற அக்கா வந்து "தம்பி, இது நல்ல நோட்டான்னு கொஞ்சம் பாரேன்"னு ஒரு 500 நீட்டினாங்க. இழைய சாய்ச்சு பாத்தேன், பச்சை பச்சையாவே இருந்துச்சு, மேல ஒட்டின ஜிகினா பேப்பர் மாதிரி ஒரு ஓரம் உரிஞ்சு கூட இருந்துச்சு. வெறுமையா இருக்க வேண்டிய எடத்துல காந்தி முகம் மேஜையில வச்சாலே சாம்பல் கலர்ல தெரியுது, நிஜ வாட்டர்மார்க்னா, அதாவது தாளுக்குள்ளயே பதிஞ்ச உருவம்னா, வெளிச்சத்துக்கு பிடிச்சாதான் நல்லா தெரியும், பக்கத்துலயே 500ன்னும் தெரியும். எனக்கு சொல்லவே வாய் வரல, அன்னைக்கு முழுக்க வித்த காசு அது அவங்களுக்கு. "வேற யார்கிட்டயாவது இருட்டுல மாத்திடலாமா"ன்னு கேட்டாங்க, பாவம், அவங்க நெலமையில யாருக்கும் அப்படித்தான் தோணும், வேணாம்க்கான்னு சொல்லி மறுநாள் நானே பேங்குக்கு கூட்டிட்டு போனேன்.

இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பேங்க்ல கள்ள நோட்டுன்னு முத்திரை குத்தி எடுத்து வச்சுக்குவாங்க, பதிலுக்கு பணம் வராது, ஆனா ரசீது கண்டிப்பா தரணும், கேட்டு வாங்குங்க. ஒரே தடவையில நாலு நோட்டு வரைக்கும்னா மாசக் கடைசியில மொத்தமா போலீசுக்கு ரிப்போர்ட் போகும், அஞ்சு அல்லது அதுக்கு மேலன்னா எஃப்ஐஆர். தெரியாம வாங்கினது குத்தம் இல்ல. தெரிஞ்சே நல்ல நோட்டுன்னு அடுத்தவங்க தலையில கட்டினா பாரதிய நியாய சன்ஹிதாங்கிற தண்டனைச் சட்டத்தோட 179வது பிரிவுல ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம்.

அப்புறம் வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க. இழை காந்திக்கு பக்கத்துல இருந்தா கள்ள நோட்டுன்னு வர்றது பொய். நம்பர்ல நட்சத்திரக் குறி இருந்தா செல்லாதுன்னு வந்ததும் பொய்தான், அச்சுல கெட்டுப்போன நோட்டுக்கு பதிலா போடுறதுதான் நட்சத்திர நோட்டு, 2023 ஜூலைல ரிசர்வ் பேங்கே அது செல்லும்னு விளக்கம் கொடுத்துச்சு.

அந்த அக்கா இப்ப 500 வாங்கினா பூவ நீட்டுறதுக்கு முன்னாடி ஈரக் கைய முந்தானையில தொடச்சுட்டு, நோட்டு ஓரத்துல நகத்த வச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாக்குறாங்க.