அப்பாவின் டொஸ் கணக்கு, புதுக் கணினியில் முழுத்திரையில்

புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கிளிப்பர் என்ற டொஸ் காலத்து மொழியில் எழுதின கணக்குப் புரோகிராமைத்தான் அப்பா இன்னும் பாவிக்கிறார். எக்ஸ்பியில் ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அமத்தினால் திரை முழுக்க வந்தது. விண்டோஸ் 7இல் சின்னப் பெட்டிக்குள்தான் ஓடியது. இப்போது வாங்கிய விண்டோஸ் 11இல் திறக்கவே இல்லை. அப்பாவுக்குப் பார்வை குறைவு, என்ன செய்யலாம்?"

எதையும் தொடமுன் அந்தப் போல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். அதுதான் கடையின் பொக்கிஷம்.

இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்பியில் ஆல்ட்-என்டர் அமத்தினால் விண்டோஸ் ஒதுங்கிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டை புரோகிராமின் கையிலேயே கொடுத்துவிடும், திரை ஒரு கணம் கறுத்து 80 எழுத்து, 25 வரி என்று பெரிதாக விரியும். 2007இல் விஸ்டாவோடு வந்த புதுவகை டிரைவர்கள் அந்த வழியை அடைத்துவிட்டன, விண்டோஸ் 7இல் நீங்கள் பார்த்தது அதைத்தான். விண்டோஸ் 11 கதை வேறு. அது 64 பிட்டில் மட்டுமே வருகிறது, 64 பிட் விண்டோஸில் இந்தமாதிரி 16 பிட் டொஸ் புரோகிராம் ஓடவே ஓடாது, அதனால் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் டிக் போட்டுப் போட்டு நாளை வீணாக்க வேண்டாம்.

சரி, வழி என்ன? டொஸ்பொக்ஸ்-எக்ஸ் போடுங்கள், விண்டோஸுக்குள்ளேயே ஒரு பழைய டொஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் அது, இலவசம். வெறும் டொஸ்பொக்ஸ் விளையாட்டுகளுக்கென்று செய்தது, கடைக் கணக்குக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அதன் கொன்பிக் பைலை நோட்பேட்டில் திறந்து, எஸ்டிஎல் பகுதியில் புல்ஸ்கிரீன் என்ற வரிக்கு எதிரே ட்ரூ என்று போடுங்கள். அதே பகுதியில் அவுட்புட் என்பதை டிடிஎப் என்று மாற்றுங்கள், அப்பாவுக்கு முக்கியமானது இதுதான். மற்ற முறைகளில் பழைய 720க்கு 400 புள்ளிப் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் 8ம் 3ம் ஓரம் மங்கி ஒன்றுபோலத் தெரியும், தொகை பார்க்கிறவருக்கு அது ஆபத்து. டிடிஎப்பில் ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாக நிற்கும். இடையில் சின்னதாக்க வேண்டுமென்றால் எப்11ஐப் பிடித்துக்கொண்டு எப் எழுத்தை அமத்துங்கள், திரும்ப அமத்தினால் பழையபடி விரியும்.

அப்புறம் வேகம். இண்டெக்ஸை, அதாவது கணக்குகளை வேகமாகத் தேட உதவும் பட்டியலை, புதுப்பிக்கும்போது இழுத்தடித்தால் சிபியு பகுதியில் சைக்கிள்ஸ் என்பதை மெக்ஸ் ஆக்கிப் பாருங்கள். பில் அடிக்க, பரலல் பகுதியில் முதல் போர்ட்டுக்கு பிரின்டர் என்றும், பிரின்டர் பகுதியில் பிரின்ட்அவுட்புட் என்பதற்கும் பிரின்டர் என்றும் கொடுத்தால் விண்டோஸில் இருக்கும் பிரின்டருக்கே அனுப்பலாம், பழைய பிரின்டர்களின் எல்பிடி வயர் தேவையில்லை.

கடைசியாக, ஓட்டோஎக்ஸெக் பகுதியில் போல்டரை மவுண்ட் செய்யும் (சி டிரைவாகக் காட்டும்) வரி, அந்த டிரைவுக்கு மாறும் வரி, புரோகிராமின் பெயர், அதற்குக் கீழே எக்ஸிட் என்று எழுதிவிடுங்கள். அப்பா ஐகானைத் தட்டினால் நேரே கணக்கு வரும், மெனுவால் வெளியேறினால் தானாக மூடும். மூலையில் உள்ள பெருக்கல் குறியால் மட்டும் மூடவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி மூடினால் இண்டெக்ஸ் பைல்கள் பழுதாகலாம்.