வேலூர் வெயிலிலும் வைட்டமின் டி குறையுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 57 வயது. குடியாத்தம் பக்கத்தில் இருக்கிறோம். முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு, கிரியாட்டினின் 2.9, நான்காம் நிலை என்கிறார்கள். இப்போது வைட்டமின் டி 9தான் இருக்கிறதாம். வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் பாக்கெட் எழுதித் தந்திருக்கிறார்கள். கை கால் குடைச்சல் தாங்காமல், 'தினமும் ஒண்ணு கலக்கிக் குடுடா' என்கிறார் அம்மா. 'மருந்தே வேணாம், காலை வெயிலில் உட்காரட்டும்' என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. டயாலிசிஸ் செய்துகொள்ளும் மாமா, தான் சாப்பிடும் சின்ன மாத்திரைதான் சரி என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பாக்கெட்டைப் பேசிவிடலாம். வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான். தினமும் கொடுத்தால் ஒரு வாரத்தில் 4,20,000 யூனிட் உள்ளே போகும். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிவிடும், வைட்டமின் சி மாதிரி மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. அளவு ஏறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், குழப்பமான பேச்சு என்று தொடங்கி, மீதமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நான் சிகிச்சை கொடுத்த ஒருவர் இப்படித்தான், வாரச் சீட்டைத் தினச் சீட்டாகப் படித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தார். பாக்கெட் கொடுக்கும் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இனி வெயில். உங்கள் பெரியம்மா சொல்வதில் பாதி சரி. ஆனால் ஆறரை மணி இளவெயிலில் வைட்டமின் டி அநேகமாகக் கிடைக்காது. சூரியன் சாய்வாக இருக்கும்போது அதற்குத் தேவையான கதிர் நம்மிடம் வந்து சேர்வதில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும் நேரம்தான் கணக்கு. நம் பக்கத்தில் சித்திரையில் ஒன்பதேகால் மணிக்கே அப்படி ஆகிவிடும், மார்கழியில் பத்தரை ஆகும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை. அம்மா நிலைப்படிக்கு உள்ளே, மடியில் முறத்தோடு, முழங்கை வரை ரவிக்கையும் கணுக்கால் வரை சேலையுமாக இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறார். தெருவெல்லாம் வெயில் கொளுத்தும், அவர் தோலில் ஒரு கை அகலம்கூடப் பட்டிருக்காது. இது போதாதென்று, சர்க்கரையால் கெட்ட சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும்போது, வைட்டமின் டியைச் சுமந்து செல்லும் புரதமும் கூடவே ஒழுகிப் போகிறது. 9 என்று வந்ததில் ஆச்சரியமே இல்லை.

சரி, மாமாவின் மாத்திரைக்கு வருவோம். ஆரணிப் பக்கம் அரிசி மில்களைப் பார்த்திருப்பீர்கள். வயலில் விளைந்த நெல் புழுங்கி, காய்ந்து, மில்லில் அரைபட்ட பிறகுதானே சோறாகும்? வைட்டமின் டியும் அப்படித்தான். தோலில் விளைவது நெல். கல்லீரலில் அது புழுங்குகிறது. கடைசி மில் சிறுநீரகம். ரத்தப் பரிசோதனையில் வந்த 9, புழுங்கிய நெல் எவ்வளவு கையிருப்பு என்பதைத்தான் சொல்கிறது. பாக்கெட் அந்த இருப்பை நிரப்பும். மாமாவுக்குக் கொடுப்பது கால்சிட்ரியால், அது அரைத்த அரிசி. அவருக்கு மில் நின்றுவிட்டது, அதனால் அரிசியாகவே கொடுக்கிறார்கள். அம்மாவின் மில் மெதுவாக என்றாலும் இன்னும் ஓடுகிறது. டயாலிசிஸுக்குப் போகாதவர்கள் எல்லோருக்கும் கால்சிட்ரியாலை வழக்கமாகக் கொடுப்பதில்லை, கால்சியம் கிடுகிடுவென ஏறும் என்பதால்.

அம்மாவுக்குக் கால்சிட்ரியால் தேவையா என்று முடிவுசெய்ய வேறு மூன்று எண்கள் வேண்டும்: கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். என்கிற பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் பட்டாணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் இறங்கி, வெளியேற முடியாத பாஸ்பரஸ் தேங்கும்போது, அவை பி.டி.எச்.சைக் கூட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். அம்மா சொல்லும் குடைச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சீட்டில் இந்த மூன்றும் இல்லையென்றால், அடுத்த முறை நீங்களே கேளுங்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1971இல், வேலூர் சி.எம்.சி.யில். அப்படிப்பட்ட ஊர் பஸ் ஏறும் தூரத்தில் இருக்கும்போது, மாமாவின் அட்டையிலிருந்து ஒரு மாத்திரை கிள்ளி வாங்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடைச்சலுக்கு அம்மா இப்போது என்ன போட்டுக்கொள்கிறார்? என் சின்னம்மாவும் சர்க்கரைக்காரர்தான். அவர் இறந்த பிறகு சுருக்குப் பையைத் திறந்தேன். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, அதன் அடியில் மடித்து மடித்து டைக்ளோபினாக் அட்டைகள். பெட்டிக்கடையில் கேட்டு வாங்கியவை. வைட்டமின் டி குறைவால் வலி, வலிக்கு அந்த மாத்திரை, மாத்திரையால் சிறுநீரகம் இன்னும் கெடும், அதனால் வைட்டமின் டி இன்னும் குறையும். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் மூன்றும் அம்மாவுக்கு ஆகாது, வலி ஊசியும் கேட்காமல் கூடாது. தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். கோபப்படாமல், இன்றைக்கே அம்மாவின் பையையும் தலையணை அடியையும் ஒருமுறை பாருங்கள்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டாம். எலும்புக்கு நல்லது என்று பாலையும் கேழ்வரகையும் கூட்டிவிடாதீர்கள், பாஸ்பரஸ் ஏறும். இளநீரும் கருவாடும் வேண்டாம். கோலா வேண்டவே வேண்டாம். அப்புறம், கால்சியம் மாத்திரை எழுதியிருந்தால் சோற்றோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்பரஸைப் பிடிப்பதற்கென்று கொடுத்திருந்தால் வெறும் வயிற்றில் அது வேலை செய்யாது.

தினமும் ஒன்பதரை வாக்கில், மார்கழியில் என்றால் பத்தரைக்கு மேல், அம்மா முறத்தை இறக்கி வைத்துவிட்டு, கையும் காலும் வெயிலில் படும்படி ஒரு கால் மணி நேரம் வாசலில் உட்காரட்டும். கத்திரியில் தலைக்கு ஒரு துண்டு, பத்து நிமிடம் போதும். பாக்கெட்டுகள் முடிந்ததும் டாக்டர் சொல்கிற தேதியில் மறுபடி ரத்தம் எடுங்கள். அந்தச் சீட்டில் வைட்டமின் டியோடு சேர்த்து நான்கு எண்களும் இருந்தால் எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.